பதினெட்டாம் மாடியில் ஒரு மகிழ்ச்சிக் குறைவு

தங்கப்பழம் செய்த குற்றம் இவ்வளவுதான்: படுத்து எழுந்த படுக்கையை மடித்து வைத்தார்.

சங்கரன்கோவிலில் போய் இதைக் குற்றம் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஒருத்தர் வீட்டில் தங்கினால், விடிந்ததும் பாயைச் சுருட்டி, போர்வையை உதறி மடித்து, தலையணையை மேலே வைத்து ஓர் ஓரமாகச் சாத்திவிட்டுத்தான் முகம் கழுவப் போக வேண்டும். போட்டது போட்டபடி எழுந்து போகிறவனைப் பற்றி அந்த வீட்டில் என்ன பேசுவார்கள் என்பது ஊருக்கே தெரியும். போதாக்குறைக்குத் தங்கப்பழம் தறிக்காரர். பன்னிரண்டு விசைத்தறி வைத்து, நாற்பது வருஷம் கைலி மடித்த கை. கசங்கின துணியைக் கண்டால் அந்தக் கை சும்மா இருக்காது. கல்யாண வீட்டுக்குப் போனாலும், விரித்த ஜமுக்காளத்தை மடித்துக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்.

அப்பேர்ப்பட்ட மனுஷரை இந்தோனேசியாவுக்குக் கூட்டிப் போய், சுரபாயா பட்டணத்தில் முப்பத்திரண்டு மாடி ஹோட்டலில் பதினெட்டாவது மாடியில் வைத்தார்கள். கைலி வாங்குகிற ஹாஜியார் ஒருவர், நம் ஊர்ச் சரக்கைப் பார்த்து மனசு குளிர்ந்து, ஒரு வாரம் வந்து தங்கிப் போகச் சொல்லி டிக்கெட்டும் ரூமும் போட்டுக் கொடுத்துவிட்டார். கூட்டிப் போனவன் கடையநல்லூர் மைதீன் பாட்சா. இருபது வருஷமாகக் கைலி வியாபாரத்துக்காக அந்த ஊருக்கும் இந்த ஊருக்கும் அலைகிறவன். அந்த ஊர்ப் பாஷை அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. தங்கப்பழத்தை ஹோட்டலில் விட்டுவிட்டு, அவன் ஹாஜியாரின் குடோனிலேயே படுத்துக்கொண்டான். விவரமானவன்.

ஹோட்டல் பேர் இங்கே வேண்டாம். வாசலில் கதவைத் திறக்க ஒருவன் நின்றான். திறந்த கதவைப் பிடித்துக்கொள்ள ஒருவன். கதவு வழியாக உள்ளே வந்ததற்கு நன்றி சொல்ல ஒருத்தி. தங்கப்பழம் மூன்று பேருக்கும் கும்பிடு போட்டார். அவர்கள் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார்கள். இவ்வளவு குனிகிறார்களே என்று இவர் மறுபடியும் கும்பிட்டார். அவர்கள் மறுபடியும் குனிந்தார்கள். பாட்சா வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்வரை பின்னால் ஏழெட்டு வெள்ளைக்காரர்கள் பெட்டியோடு காத்து நின்றார்கள்.

ரூமுக்குள் கட்டில் மேல் அன்னப்பறவை ஒன்று உட்கார்ந்திருந்தது. குளிக்கிற துண்டை முறுக்கி அப்படிச் செய்து வைத்திருந்தார்கள். துண்டை இந்த முறுக்கு முறுக்கினால் இழை என்னத்துக்கு ஆகும் என்று தங்கப்பழத்துக்கு வயிற்றெரிச்சல். பறவையைப் பிரித்து, உதறி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து அலமாரியில் வைத்தார். மறுநாள் காலையில் மெத்தை விரிப்பை எடுத்துத் தறிக்கொட்டகை மடிப்பாக எட்டாக மடித்தார். குளித்த இடத்தைச் சொட்டு ஈரமில்லாமல் துடைத்தார். காப்பி குடித்த கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். நாம் குளித்த இடத்தை இன்னொருத்தர் கழுவுவதாவது, கூச்சமாக இருக்காதா? கடைசியில் குப்பையை ஒரு பையில் கட்டிக்கொண்டு லிஃப்டில் இறங்கி, வாசலில் நின்றவனிடம் குப்பைத்தொட்டி எங்கே என்று கையால் கேட்டார். அவன் முகம் வெளுத்துப்போனது.

சாப்பிட்டுவிட்டு மேலே வந்தால் ரூம் வாசலில் நான்கு பேர். கோட்டுப் போட்ட பெரிய மனிதர் ஒருவர், சூப்பர்வைசர் ஒருவர், பழக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆள், தலையைக் குனிந்தபடி ரூம் சுத்தம் செய்கிற பெண் ஒருத்தி. அவள் சட்டையில் சுலஸ்திரி என்று பேர் குத்தியிருந்தது. முப்பத்தைந்து வயது இருக்கும். பக்கத்தில் பாட்சா நின்றான், அவசரமாகக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள்.

“அண்ணாச்சி, நீங்க என்னத்தச் செஞ்சீய?”

“ஒண்ணும் செய்யலையே. படுக்கைய மடிச்சு வச்சேன்.”

“கெடுத்தீய போங்க” என்றான் பாட்சா.

கோட்டுக்காரர் பேர் ஹெந்த்ரோ. அந்த ஹோட்டலில் விருந்தினர் மகிழ்ச்சித் துறை என்று ஒரு துறை இருந்தது, அதற்கு அவர்தான் இயக்குநர். அவர் பேசியதைப் பாட்சா கடையநல்லூர்ப் பேச்சில்தான் சொன்னான். அதில் அந்த மிடுக்கு வராது என்பதால் இங்கே அச்சுத் தமிழில் வருகிறது.

“ஐயா, தங்கள் அறையில் நடந்த துயரச் சம்பவத்துக்கு நிர்வாகம் தலைவணங்கி வருந்துகிறது. எங்கள் ஹோட்டலில் ஒவ்வொரு விருந்தினரும் தம் சொந்த வீட்டில் இருப்பது போல உணர வேண்டும். ஆகவேதான் வீட்டில் செய்கிற எதையும் அவரை இங்கே செய்ய விடுவதில்லை. தாங்களே படுக்கையை மடிக்கும் அளவுக்கு எங்கள் பணியாளர் தங்களைத் தள்ளியிருக்கிறார். அந்த மடிப்பைப் புகைப்படம் எடுத்து ஆராய்ந்தோம். அது எங்கள் மடிப்பு அல்ல.”

“அது எங்க ஊரு மடிப்பு” என்றார் தங்கப்பழம், கொஞ்சம் பெருமையாகவே. “அந்தம்மாவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லன்னு சொல்லு பாட்சா. எனக்கு ஒரு குறையும் இல்ல.”

ஹெந்த்ரோவின் முகம் வாடியது. “குறையில்லை என்பவர்களைக் கண்டுதான் நாங்கள் அஞ்சுகிறோம். குறை சொல்கிறவரை மகிழ்விக்கலாம். குறையே இல்லாதவரை எப்படி ஐயா மகிழ்விப்பது? சென்ற ஆண்டு எங்கள் துறை பதினோராயிரம் குறைகளைத் தீர்த்து வைத்தது. எல்லாரும் தங்களைப் போலப் பேசினால் எங்கள் துறை எதற்கு?”

ஒரு படிவத்தை நீட்டினார்கள். மகிழ்ச்சிக் குறைவு அறிக்கை என்று அதற்குப் பேர். குறைவு சிறிது, குறைவு நடுத்தரம், குறைவு பெரிது என்று மூன்று கட்டம் இருந்தது. குறைவு இல்லை என்று ஒரு கட்டத்தைத் தங்கப்பழம் முன்னும் பின்னும் திருப்பித் தேடினார். இல்லை. சரி, இருப்பதில் சின்னதாகப் போகட்டும் என்று ‘சிறிது’ கட்டத்தில் குறி போட்டார். பழக்கூடையைக் கையில் கொடுத்துவிட்டு நால்வரும் குனிந்து வணங்கிப் போனார்கள். போகும்போது சுலஸ்திரி அவரைப் பார்த்துச் சிரித்தாள். பல் தெரியச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் நின்றது.

“அழுதுக்கிட்டே சிரிக்காளே, ஏன்?”

“சிரிச்சே ஆவணும் அண்ணாச்சி. ஆறு பல்லு வெளிய தெரியணும், அதான் சட்டம். எட்டுத் தெரிஞ்சா மரியாதக் கொறவு, நாலு தெரிஞ்சா அலட்சியம்.” பாட்சா குரலைத் தாழ்த்திக்கொண்டான். “சூப்பர்வைசர்ட்ட கேட்டேன். இங்கன ஒவ்வொரு ஆளுக்கும் மார்க் வச்சிருக்கானுவ. அவளுக்கு எழுவது இருந்திச்சு. நீங்க மடிச்ச மடிப்புல பத்து போச்சு. அம்பதுக்குக் கீழ எறங்குனா வீட்டுக்குப் போவ வேண்டியதுதான். ரெண்டு பிள்ளைய. புருசன் விட்டுட்டுப் போயிட்டானாம்.”

தங்கப்பழம் தம் கொட்டகையில் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிற பெண்களை நாலு வார்த்தை வைதிருக்கிறார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒருத்தி பிழைப்பில் இதுவரை கை வைத்ததில்லை. இப்போது மடித்த பாவத்துக்கு வைத்தாகிவிட்டது.

அன்றைக்கே உட்கார்ந்து, ஹோட்டல் காகிதத்தில் ஒரு பக்கம் தமிழில் எழுதினார். இந்தப் பெண் தங்கமானவள், இவள் துடைத்து வைத்ததில் முகம் பார்க்கலாம், இவளுக்குச் சம்பளம் கூட்டிக் கொடுக்கலாம் என்றெல்லாம் எழுதி, கீழே தம் முழுப் பேரும் ஊரும் போட்டார். பாட்சா அந்த ஊர்ப் பாஷையில் அதை எழுதிக் கொண்டுபோய் ஹெந்த்ரோவின் மேசையில் வைத்தான்.

மறுநாள் பத்து மணிக்கு விசாரணைக் குழு கூடியது. நீள மேசை. ஒவ்வொருவர் முன்னாலும் தண்ணீர்ப் பாட்டில், பாட்டிலுக்குக் கீழே ஒரு சின்ன விரிப்பு. தங்கப்பழத்தின் கை அந்த விரிப்பின் ஓரத்தை நேராக்கப் போனது, பாட்சா தொடையில் கிள்ளினான்.

“குறை தெரிவித்த ஒருவர் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் இவ்வளவு புகழ்ந்து எழுதுவது இயற்கை அல்ல” என்றார் ஹெந்த்ரோ. “எங்கள் கையேட்டின்படி இதற்கு ஒரே ஒரு விளக்கம்தான் உண்டு. பணியாளர் விருந்தினரை மிரட்டியிருக்கிறார். ஐயா, பயப்படாமல் சொல்லுங்கள். அவர் தங்களை எப்படி மிரட்டினார்?”

“ஏ பாட்சா, அவளுக்கு என் பாஷையும் தெரியாது, எனக்கு அவ பாஷையும் தெரியாது. எங்கிட்டுக் கூடி மிரட்டுவா?”

“சொற்கள் இன்றி மிரட்டுவது மேலும் கடுமையான பிரிவில் வருகிறது” என்று குறித்துக்கொண்டார் ஹெந்த்ரோவின் பக்கத்தில் இருந்த அம்மாள்.

இன்னொரு பத்து போனது. இனி ஐம்பதுதான் இருக்கிறது, அதற்குக் கீழே பள்ளம். வேலையை விட்டு எடுத்துவிடாதீர்கள் என்று தங்கப்பழம் எழுந்து கை கூப்பிக் கேட்டார். ஹெந்த்ரோ நிஜமாகவே புண்பட்டுப்போனார்.

“யாரையும் நாங்கள் வேலையிலிருந்து நீக்குவதில்லை. எங்கள் ஹோட்டலில் அந்தச் சொல்லே கிடையாது. ஐம்பதுக்குக் கீழே இறங்கியவர் வேறோர் இடத்தில் மகிழ்ச்சியாக இருக்கும்படி அவரை விடுவிக்கிறோம். இந்தப் பதவியில் ஆறு ஆண்டுகளாக இருக்கிறேன். இதுவரை நூற்று நாற்பது பேர் வேறு இடங்களில் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்.”

வெளியே வந்ததும் பாட்சாதான் ஒரு வழி சொன்னான். “அண்ணாச்சி, நல்ல மனுசனா இருந்தா இங்கன காரியம் நடக்காது. ரூமக் குப்பையாக்குங்க. அந்தா வாரானுவ பாருங்க, வெள்ளக்காரனுவ, அவனுவ மாதிரி கண்டமேனிக்குப் போட்டு வைங்க. அவ வந்து சுத்தம் பண்ணட்டும். வேலையே செய்யலைன்னுதான குத்தம் சொல்லுதானுவ? செஞ்சதாயிரும்லா.”

அதுவும் சரியாகத்தான் பட்டது. தங்கப்பழம் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தலையணையைத் தூக்கித் தரையில் எறிந்தார். போய் எடுத்து, தட்டி, கட்டிலில் வைத்தார். மறுபடி எறிந்தார். துண்டை உருட்டி நாற்காலிக்குக் கீழே தள்ளினார். அது ஒரு மாதிரி கோணலாகக் கிடந்தது, நேராக்கினார். ஒரு மணி நேரம் ஆகியும் ரூம் முன்னைவிட ஒழுங்காக இருந்தது. கடைசியில் வீட்டுக்குப் போன் போட்டார்.

“ஏட்டி, நம்ம பய சின்னதுல வீட்ட எப்படிட்டி அலங்கோலம் பண்ணுவான்?”

“என்னங்க இது, தண்ணி கிண்ணி குடிச்சிருக்கீயளா?” என்றாள் சங்கரேஸ்வரி.

அவளிடம் விளக்கிச் சொல்ல நேரமில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு கோப்பையில் இருந்த டீயை வெள்ளை விரிப்பில் ஊற்றினார். முகப்பவுடரைக் கொட்டினார். போர்வையைக் காலால் தரைக்கு இழுத்துவிட்டார். இப்படி ஒரு காரியத்தை ஐம்பத்தெட்டு வயதில் செய்ய வேண்டி வந்ததே என்று அவருக்கு அழுகை வந்தது. கதவைத் திறந்து வெளியே வந்தார்.

ஹெந்த்ரோ அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டுத் தங்கப்பழத்தைக் கட்டிக்கொண்டார். “இன்றுதான் ஐயா தாங்கள் எங்கள் விருந்தினர் ஆனீர்கள். எவ்வளவு இயல்பாக, எவ்வளவு உரிமையோடு! சுலஸ்திரி இதை இருபத்தேழு நிமிடத்தில் முடித்துவிட்டால், இழந்த இருபதும் அவருக்குத் திரும்பி வரும்.”

தங்கப்பழத்தைக் கீழே பளிங்குத் தரை போட்ட கூடத்தில் ஒரு சோபாவில் உட்காரவைத்தார்கள். உட்கார முடியவில்லை. நாம் ஊற்றிய டீ, நாம் கொட்டிய பவுடர், ஒரு பொம்பளை குனிந்து துடைத்துக்கொண்டிருக்கிறாள். நிமிஷம் ஓடிக்கொண்டிருக்கிறது. பதினெட்டு நிமிஷம் பொறுத்தார். பாட்சா பழரசம் வாங்கப் போன நேரம் பார்த்து லிஃப்டில் ஏறிவிட்டார்.

ரூம் கதவு திறந்திருந்தது. தரை சுத்தமாகியிருந்தது, கட்டிலில் புது விரிப்பு போட்டாகிவிட்டது. மேலே போடுகிற பெரிய போர்வைதான் பாக்கி. ஆறு முழம் அகலம் இருக்கும், ஒற்றை ஆள் மடிக்கிற சாமானா அது? சுலஸ்திரி ஒரு முனையைத் தாடைக்குக் கீழே இடுக்கிப் பிடித்துக்கொண்டு மறுமுனைக்குக் கையை எட்டி எட்டிப் பார்த்தாள். நழுவி விழுந்தது. எடுத்தாள், மறுபடி விழுந்தது. நெற்றியெல்லாம் வேர்வை.

தங்கப்பழம் ஒன்றும் யோசிக்கவில்லை. யோசிக்கிற விஷயமாக அது அவருக்குத் தோன்றவே இல்லை. நேரே போய் இரண்டு முனையைப் பிடித்தார். அவள் திடுக்கிட்டு நிமிர்ந்து, வாசலைப் பார்த்து, பிறகு இவரைப் பார்த்து, மறு இரண்டு முனையைப் பிடித்தாள். இழுத்து ஒரு உதறு. ரெண்டு பேரும் எதிரெதிரே நடந்து முனையோடு முனை சேர்த்தார்கள். விலகிப் போய் மறுபடி இழுத்தார்கள். மறுபடி சேர்ந்தார்கள். கொட்டகையில் தினம் நடக்கிற வேலைதான். அவளும் பழகினவள் போல் கைக்குக் கை சரியாகக் கொடுத்தாள். “திரிமா காசி” என்றாள் மெதுவாக. நன்றி என்று அர்த்தம், அது மட்டும் அவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது. இப்போது அவள் சிரித்ததில் எத்தனை பல் தெரிந்தது என்று அவர் எண்ணவில்லை.

இருபத்தேழாவது நிமிஷத்தில் சூப்பர்வைசர் கையில் கடிகாரத்தோடு உள்ளே வந்தான். போர்வையின் ஒரு பக்கம் பணியாளர், மறுபக்கம் விருந்தினர். அவன் முதலில் போட்டோ எடுத்தான், பிறகுதான் பேசினான்.

விருந்தினரை வேலை வாங்கிய குற்றத்துக்குக் கையேட்டின்படி முப்பது மதிப்பெண் போகும். அதற்கப்புறம் சுலஸ்திரியைத் தங்கப்பழம் பார்க்கவில்லை. அவரை முப்பத்தோராவது மாடியில் மூன்று அறை சேர்ந்த இடத்துக்கு மாற்றினார்கள். ஊருக்குக் கிளம்புகிறவரை கூடவே ஓர் ஆள் நின்றான். இவர் துண்டின் பக்கம் கையைக் கொண்டுபோனால் அவன் புன்னகையோடு அதை வாங்கிக்கொண்டான்.

ஊர் வந்து சேர்ந்த எட்டாம் நாள் செய்தி வந்தது. விருந்தினரின் தாய்மொழியிலேயே எழுதுவதும் அந்தத் துறையின் சேவைகளில் ஒன்றாம், போனிலேயே தமிழில் வந்தது: “தங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக் குறைவுக்குக் காரணமான பணியாளர் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளார். தங்கள் மகிழ்ச்சி உறுதியானதும் அவர் விடுவிக்கப்படுவார். தயவுசெய்து தேர்வு செய்யவும்: மகிழ்ச்சி. மிக்க மகிழ்ச்சி.”

தறிக்காரர் சங்கத்தில் இதைப் படித்துக் காட்டி ஒரு யோசனை கேட்டார் தங்கப்பழம். சங்கத் தலைவர் குருநாதன் போனை வாங்கி இரண்டு தடவை படித்தார். “ஓய், நம்ம ஊருல பஸ்ஸுல மிச்சச் சில்லற கேட்டாலே எறங்குங்கான். அங்கன பாரும், உமக்காவ ஒரு ஆளையே வேலைய விட்டுத் தூக்குதான். நம்ம சாதிசனத்துல எவனுக்குவே கெடைச்சிருக்கு இந்த மரியாத?” அடுத்த கூட்டத்தில் ஒரு பொன்னாடை போர்த்துவதாகத் தீர்மானம் போட்டார்கள். தங்கப்பழம் வேண்டாம் வேண்டாம் என்றார், அதையும் அடக்கம் என்று பாராட்டினார்கள்.

பாட்சா ஒருத்தன்தான் உபயோகமாகப் பேசினான். “அமுக்கிராதீய அண்ணாச்சி. நீங்க அமுக்காத வரைக்கும் ஃபைலு மூடாது. ஃபைலு மூடாத வரைக்கும் அவளுக்குப் பாதிச் சம்பளமாவது வரும். ஹாஜியார் யாரையாவது புடிச்சு உள்ள பேசிப் பாக்கேன்னு சொல்லுதாரு.”

தங்கப்பழம் அமுக்கவில்லை. தினமும் பதினோரு மணிக்குச் செய்தி வரும். தறிச் சத்தத்துக்கு நடுவிலும் அந்த டிங் காதில் விழும். மகிழ்ச்சி, மிக்க மகிழ்ச்சி. எடுத்துப் பார்த்துவிட்டுப் பைக்குள் போடுவார். ராஜபாளையம் பஸ்ஸில், பூ மார்க்கெட்டில், கோமதி அம்மன் சந்நிதியில் என்று எங்கே நின்றாலும் அது வந்தது. ஒரு மாசத்துக்கு மேல் அப்படியே தள்ளினார். தூரத்தில் ஒரு குடும்பம் அரைவயிறாவது சாப்பிடுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஆடி பிறந்த வாரத்தில் செய்தி மாறியது. கூடவே ஒரு போட்டோ. இருபது இருபத்திரண்டு வயதுப் பெண், அதே சட்டை, ஆறு பல். “பதினெட்டாம் மாடியைத் தற்போது கவனிக்கும் வாஹ்யூனி தங்களை வணங்குகிறார். தாங்கள் பதில் தரும்வரை இவரது மதிப்பெண் நாளொன்றுக்கு ஒன்று குறையும்.”

தங்கப்பழம் பதறிப்போய்ப் பாட்சாவைக் கடையநல்லூரிலிருந்து வரவழைத்து ஹெந்த்ரோவுக்குப் போன் போடச் சொன்னார். இவள் பிறந்ததே எனக்குத் தெரியாது, இவளை ஏன் இதில் இழுக்கிறீர்கள் என்று கேட்கச் சொன்னார். ஹெந்த்ரோவின் குரல் தேன் போல இருந்தது.

“தங்களை நாங்கள் வற்புறுத்தவே மாட்டோம், ஐயா. மகிழ்ச்சி என்பது தானாக மலர வேண்டியது. அதற்கு வேண்டிய அவகாசத்தை வாஹ்யூனி தங்களுக்குத் தருகிறார்.”

“அவளுக்கு இன்னும் எத்தன இருக்குன்னு கேளு.”

பாட்சா கேட்டான். போனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னான். “புதுப் பிள்ளைல்லா, அம்பத்தாறுதான் குடுத்திருக்கானுவ. ஆறு நாளு தாங்குவா. ஏழாம் நாளு அம்பதுக்குக் கீழ வந்திரும்.”

“அமுக்கினா?”

“சுலஸ்திரி கத முடிஞ்சிரும்.”

“நான் என்னதாம்ப்பா செய்ய?”

பாட்சா டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறிப் போனான்.

ஹாஜியார் பேசிப் பார்த்தார், உள்ளே யாரும் பிடிகொடுக்கவில்லை. ஆறு நாளும் தங்கப்பழம் சரியாகச் சாப்பிடவில்லை. ஏழாம் நாள் காலையில் தறி எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். பதினோரு மணிக்குச் செய்தி வந்தது. சுலஸ்திரியிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மகிழ்ச்சி என்று இருந்ததில் விரலை வைத்தார்.

“இன்னும் சற்று யோசித்துப் பார்க்கலாமே” என்று போன் கேட்டது. வாஹ்யூனியின் படம் மறுபடி வந்தது.

மிக்க மகிழ்ச்சியை அமுக்கினார்.

“நன்றி. தங்கள் மிக்க மகிழ்ச்சி பதிவு செய்யப்பட்டது. தாங்கள் கேட்டுக்கொண்டபடி சுலஸ்திரி இன்று விடுவிக்கப்பட்டார்.”

சங்கரேஸ்வரி காப்பியோடு கொட்டகைக்குள் வந்தாள். தறிச் சத்தம் இல்லாமல் கிடந்தது அவளுக்கு என்னவோபோல் இருந்தது. “மறுபடியும் அந்த ஓட்டலுக்காரவுகளா? என்னங்க சொல்லுதாவ?”

“நான் ரொம்ப சந்தோசமா இருக்கேன்னு எங்கிட்ட எழுதி வாங்கிட்டானுவட்டி” என்றார் தங்கப்பழம். சொல்லி முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது. அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.